செவ்வாய், வெள்ளிப் படங்கள்

ஐம்பத்தேழு வயது வரைக்கும் சுப்புராயன் ஒரு கருப்பு வெள்ளைப் படத்தைக்கூட முழுதாகப் பார்த்தவரில்லை. நைனார்பாளையத்தில் குத்தகை நிலத்தில் மக்காச்சோளம் போட்டவர். வாலிப வயசில் சண்டைப் படம் என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு சின்னசேலம் போவார். பழைய படமெல்லாம் அழுகிறவர்களுக்கு என்பது அவர் எண்ணம்.

இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போன பிறகு, செவ்வாயும் வெள்ளியும் கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸுக்குப் படுக்க வேண்டி வந்தது. ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். கையிலிருந்து ரத்தம் குழாய் வழியாக வெளியே போய், மிஷினைச் சுற்றித் திரும்பி வரும். முதல் மாதம் முழுக்க அவர் அந்தச் சிவப்புக் குழாயையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கண்ணை எடுத்தால் ஓட்டம் நின்றுவிடுமோ என்று பயம்.

மகள் ஷாலினி தன் பழைய போனைக் கொடுத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை எதையோ தொடப்போய் ஒரு பழைய படம் ஓட ஆரம்பித்தது. ரயில் நிலையத்துக் கடிகாரத்தைப் பழுது பார்க்க வந்த ஒருவன், அந்த ஊரே சேர்ந்து மறைத்த கொலையைக் கண்டுபிடிக்கிற கதை. படம் முடிந்து நிமிர்ந்தபோது, டெக்னீசியன் தமிழ்மொழி ஊசியைக் கழற்ற வந்து நின்றாள். குழாயை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

பக்கத்துப் படுக்கை இருசம்மாளுடையது. நாற்பத்து மூன்று வயது. கரியாலூருக்கு அப்பால் ஒரு மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். ஒற்றைக் கையால் புத்தகத்தைப் பிடித்து, கட்டைவிரலால் பக்கம் தள்ளிப் படித்துக்கொண்டிருப்பாள்.

"இன்னா படம்ண்ணா அது? மூச்சே வுடாம கெடந்தீங்க" என்று கேட்டாள்.

"பேரு பாக்கலம்மா. ரெண்டு பேரு குந்திப் பேசிக்கினே இருக்கானுங்க, அவ்ளோதான். ஆனா அடுத்து இன்னா ஆவுமோன்னு எனக்குக் கை சில்லுனு ஆயிடுச்சி."

"எனக்கும் குடுங்க. எங்க வூட்டாண்ட டவர் கெடையாது. கார்டுல ஏத்தித்தான் தரணும்."

அடுத்த செவ்வாய் ஷாலினி நான்கு படங்களை மெமரி கார்டில் ஏற்றித் தந்தாள். பதிலுக்கு இருசம்மாள் பாலித்தீன் பையில் சுற்றிய ஒரு நாவலைக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு சுப்புராயன் புத்தகம் எதையும் தொட்டதில்லை. உதட்டை அசைத்து, வரி வரியாகப் படித்தார். முப்பது பக்கம் தாண்டியதும் உதடு நின்றுவிட்டது.

அதிலிருந்து கார்டு மலைக்கு ஏறுவதும் புத்தகம் கீழே இறங்குவதுமாக எட்டு மாதம் ஓடியது. தியேட்டரே பார்க்காமல் வளர்ந்தவள் இருசம்மாள். ஆனாலும் அவருக்கே பாடம் எடுத்தாள்.

"பாட்டு வந்தா ஓட்டி வுட்டுடாதீங்கண்ணா. அந்தப் பொம்பள சொல்லாதத அங்கதான் சொல்லுது."

"எனக்குப் பயமா இருக்கற படந்தாம்மா புடிக்குது. அது முடிஞ்சா நம்ம பயம் கம்மியாத் தெரியுது."

ஒரு செவ்வாயன்று மூன்றாவது படுக்கையில் விரிப்பை மடித்து வைத்திருந்தார்கள். அங்கே படுக்கிற எலவனாசூர்கோட்டைக்காரர் வரவில்லை. அவர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். அன்று சுப்புராயன் மெதுவாகச் சொன்னார்: "இனிமே சின்னப் புக்கா குடும்மா." வெள்ளிக்கிழமை இருசம்மாள் ஐந்நூறு பக்கத்தில் ஒன்றைக் கொண்டுவந்து அவர் வயிற்றின்மேல் வைத்தாள்.

அந்த வெள்ளிக்கு மறுநாள் மழை பிடித்தது. சனி, ஞாயிறு, திங்கள் என்று விடவே இல்லை. கோமுகி ஆற்றில் தண்ணீர் கரை தட்டி ஓடியது. செவ்வாயன்று சுப்புராயன் எப்படியோ மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். ஆனால் மிஷின்களுக்கான தண்ணீரைச் சுத்தம் செய்கிற பிளான்ட் அறைக்குள் வெள்ளம் புகுந்து, எட்டு மிஷினில் இரண்டுதான் ஓடின. ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தார்கள். பாக்கிக்கு வியாழன் பதினோரு மணிக்கு வரச் சொன்னார்கள்.

இருசம்மாள் வரவில்லை. மலைப்பாதையில் இரண்டு இடத்தில் மண் சரிந்துவிட்டது என்று தமிழ்மொழி சொன்னாள். சுப்புராயன் போன் போட்டுப் பார்த்தார். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றே வந்தது. இரண்டு தடவை தவறினால் என்ன ஆகும் என்று அந்த அறையில் படுக்கிற எல்லோருக்கும் தெரியும். முதலில் கால் வீங்கும். பிறகு மூச்சு. பிறகு நெஞ்சு ஒரு நொடி துடிக்க மறக்கும்.

புதன் சாயங்காலம் அவள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணா, தண்ணி டேங்க் மேட்டுக்கு என் வூட்டுக்காரரு தூக்கியாந்துட்டாரு. இங்கதான் டவரு எடுக்கும்." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அவள் மூச்சை இழுப்பது கேட்டது.

"எப்பிடிம்மா இருக்க?"

"படுக்க முடியல. குந்திக்கினே இருக்கறன். நீங்க குடுத்த படம் பாதிலயே சார்ஜி பூட்சி. கரண்டு வேற இல்ல. அந்தத் தபால்காரன் பொண்டாட்டி கெணத்தாண்ட போறா பாருங்க, அதோட நின்னுடுச்சி. அவ பொழைச்சாளா?"

சுப்புராயன் வாயைத் திறந்தார். சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. சொல்லி முடித்ததும் அவள் 'செரிண்ணா' என்று போனை வைத்துவிடுவாள் என்று தோன்றியது. அதற்குப் பிறகு அவள் காத்திருக்க ஒன்றும் இருக்காது.

"நீயே வந்து பாரு" என்றார். "எப்பிடினாலும் கீழ எறங்கு. கட்டிலோட தூக்கியாரச் சொல்லு."

"காலைல தூக்கறோம்னு சொல்லிக்கினு இருக்காங்க. வழில ஏதாச்சும்..." அதோடு தொடர்பு அறுந்தது.

அன்றைக்கு அவருக்கும் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. தலையணையை இரண்டாக வைத்தும் படுக்க முடியவில்லை.

வியாழன் காலை பத்தரைக்கே ஷாலினி அவரைக் கூட்டி வந்துவிட்டாள். எடை பார்த்தார்கள். மூன்றரை கிலோ தண்ணீர் ஏறியிருந்தது. ஒரு மிஷினில் அப்போதுதான் ஒரு கிழவரை ஏற்றியிருந்தார்கள். இன்னொன்று சுப்புராயனுக்கு. படுக்கையில் ஏறி, சட்டைக் கையை மடித்து, ஊசிக்காகக் கையை நீட்டினார். வெளியே ஆட்கள் கத்துகிற சத்தம் கேட்டது.

கயிற்றுக் கட்டிலில் மூங்கில் கட்டி, விடிகாலையிலிருந்து ஆறு பேர் மாற்றி மாற்றித் தூக்கி, சரிந்த மண்ணுக்குக் கீழே கொண்டுவந்து, அங்கிருந்து ஒரு டிராக்டரில் ஏற்றி வந்திருந்தார்கள். இருசம்மாளின் முகம் ஊதி, கண் இடுங்கியிருந்தது. மார்பில் ஈ.சி.ஜி. ஒட்டிப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. நெஞ்சுக்கு ஒரு ஊசி போட்டுவிட்டு, "சேலத்துக்கு அனுப்பலாம்னா இவங்க ரோட்டுல தாங்க மாட்டாங்க. மிஷின் எப்ப காலியாவும்?" என்று தமிழ்மொழியைக் கேட்டார்.

தமிழ்மொழி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கையில் சுப்புராயனுக்கான ஊசி இருந்தது.

சுப்புராயன் தலையைக் குனிந்துகொண்டார். போனை எடுத்து, எதையோ தேடுகிறவர்போல விரலை நகர்த்தினார். திரையில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்ட்ரெச்சரிலிருந்து அந்த மூச்சு மட்டும் கேட்டது, ஈரத் துணியைக் கிழிப்பதுபோல. நான்தானே முதலில் வந்தேன், எனக்கும்தானே மூச்சு வாங்குது, யாரும் என்னைக் கேட்கவில்லையே என்று மனசு வேகவேகமாகச் சொல்லிக்கொண்டது. ஒரு நிமிடம் இருக்கலாம், அதற்கும் மேலே இருக்கலாம். பிறகு அவர் காலைக் கீழே தொங்கவிட்டார்.

ஷாலினி தோளைப் பிடித்தாள். "எங்கப்பா போற? உனக்கே நெஞ்சு ஏறி எறங்குது."

"வுடும்மா. நான் நடந்துதான வந்தன்."

"சாயங்காலத்துக்குள்ள உனக்கு ஏதாச்சும் ஆச்சின்னா?"

மகளின் கையை எடுத்துவிட்டு இறங்கினார். டாக்டர் அவருக்கு ஆக்சிஜன் வைத்து, வராண்டாவில் சக்கர நாற்காலியில் உட்கார வைக்கச் சொன்னார்.

மாலை நான்கு மணி வரை அவர் அங்கேதான் இருந்தார். கிழவரின் மிஷினுக்கு ஏற்கெனவே வேறு ஆட்கள் வரிசையில் இருந்தார்கள். இரண்டு தடவை உள்ளே மிஷின் அலறியது. ஒவ்வொரு தடவையும் ஷாலினி எழுந்து ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு மணிக்குமேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. சுவரில் சாய்ந்தால் மூழ்குவதுபோல இருந்தது; நிமிர்ந்தால் தலை சுற்றியது. தான் செய்தது பெரிய தப்போ என்று ஒரு பத்துத் தடவையாவது நினைத்திருப்பார். இறங்கிவிட்ட பிறகும் பயம் துளிகூடக் குறையவில்லை என்பதுதான் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

இருசம்மாளை அவசரப் பிரிவுக்கு மாற்றிய பிறகு அவரை ஏற்றினார்கள். இருவரும் பிழைத்தார்கள்.

வெள்ளம் புகுந்து பத்து நாள் கழித்துத்தான் எட்டு மிஷினும் ஓடின. அந்த வெள்ளிக்கிழமை இருசம்மாள் தன் பழைய படுக்கையில் வந்து படுத்தாள். பாதி இளைத்திருந்தாள்.

"தமிழ்மொழி எல்லாத்தையும் சொல்லிச்சிண்ணா" என்றாள்.

சுப்புராயன் கூரையைப் பார்த்தபடி பேசினார். "எல்லாத்தையும் அது சொல்லியிருக்காது. உன்னப் பாத்தவுடனே நான் எறங்கல. போனப் பாக்கற மாரி தலையக் குனிஞ்சிக்கினன். நீ போயிட்டா, யாருக்கும் தெரியாதுன்னுகூட நெனச்சன்."

அவள் தன் கையிலிருந்து போகிற சிவப்புக் குழாயைப் பார்த்தாள். இருவருடைய மிஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன.

"தெரியும்ண்ணா" என்றாள் கடைசியில். "ஸ்ட்ரெச்சர்ல இருந்து உங்களத்தான் பாத்துக்கினு இருந்தன். நானா இருந்தா எறங்கியிருப்பனான்னு அப்பவே யோசிச்சன். தெரியல. இப்பவும் தெரியல."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"மழை முடியற வரைக்கும் இங்கயே ரூம் எடுத்துத் தங்கப் போறன்" என்று அவள் தொடர்ந்தாள். "பள்ளிக்கூடத்துல வேற ஆளப் போட்டுடுவாங்களோன்னு பயமா இருக்குது. மேல ஊருக்குப் போனா வழி மறுபடி மூடிக்குமோன்னு பயம். எங்க வூட்டுக்காரரு ஆடு மாட்ட வுட்டுட்டு வர முடியாது. தனியாத்தான் கெடக்கணும். அந்தத் தபால்காரன் பொண்டாட்டி கதையையும் அங்கதான் பாத்து முடிக்கணும்."

"எங்க பாத்திருக்க?"

"கச்சிராயபாளையம் ரோட்டுல, ஒரு அரிசி மில்லாண்ட."

"ஷாலினிய வுட்டு ஒருதடவ பாத்துட்டு வரச் சொல்றன். தண்ணி நிக்கற எடமா இருந்தா வேணாம்."

ஜன்னலுக்கு வெளியே மறுபடியும் தூற ஆரம்பித்தது. இருவரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். தமிழ்மொழி வந்து இருவருடைய பிரஷரையும் பார்த்து எழுதிக்கொண்டு போனாள்.