அண்ணி கழுவி வைத்த வால்வுகள்

தன் வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள் என்று, நான் அண்ணி என்று கூப்பிடும் என் வீட்டுக்காரரின் அக்கா ஒரு பெட்டியோடு வந்து இறங்கிய அன்று, எங்கள் சாப்பாட்டு மேசை மேல் கார் எஞ்சினின் மேல்மூடியான ஹெட் உட்கார்ந்திருந்தது.

"என்னடா இது?" என்று தன் தம்பியிடம்தான் கேட்டார். என்னிடம் கேட்க மாட்டார். இருபது வருடமாக அப்படித்தான். எங்களுக்குள் சண்டை கிடையாது, ஒட்டுதலும் கிடையாது. நான் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவர் பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருடம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எவ்வளவு தேய்த்தாலும் போகாத என் நகக்கண் கிரீஸைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் லேசாகச் சுருங்கும்.

"காரோட ஹெட்டுக்கா. வால்வு வேலை நடக்குது," என்றார் என் வீட்டுக்காரர், தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். அவர் தையல்காரர். காரின் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கார் என்னைவிட ஒன்பது வயது மூத்தது. ஏதோ ஒரு கிடங்கின் மூலையில், பின்சீட்டில் பூனை குட்டி போட்டிருந்த நிலையில் கண்டுபிடித்து இழுத்து வந்தேன். ஓடும், ஆனால் மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கும். மூன்றாவது சிலிண்டரில் அழுத்தமே இல்லை. கழற்றிப் பார்த்தபோது, புகையை வெளியே விடும் வால்வு ஓரத்தில் கரிந்து, எலி கடித்த பிஸ்கட் மாதிரி இருந்தது.

வால்வு என்பது பார்க்க ஒரு இரும்புக் காளான். அதன் குடை ஓரம், ஹெட்டில் இருக்கும் வளையத்தில் மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் உட்கார வேண்டும். அந்த வளையத்துக்குப் பெயரும் சீட்தான். எட்டு வால்வு, எட்டு சீட். கரிந்ததை எறிந்துவிட்டுப் புதிது வாங்கினேன். மற்ற ஏழையும் லேத் பட்டறையில் கொடுத்து ஓரத்தைச் சீர்செய்தேன். சீட்டுகளை நானே கட்டர் போட்டுச் சீவினேன். அப்புறம்தான் பொறுமைக்கு வேலை. வால்வு ஓரத்தில் உரசும் பசையைத் தடவி, ரப்பர் கோப்பை வைத்த குச்சியை அதன் தலையில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே இப்படியும் அப்படியுமாக உருட்ட வேண்டும். முதலில் கரகரவென்று கேட்கும். போகப் போக சத்தம் மெத்தென்று ஆகிவிடும். தூக்கிப் பார்த்தால் விட்டுப்போகாத ஒரு சாம்பல் வளையம் தெரியும். அதற்குப் பிறகு அந்த வால்வு அந்த சீட்டுக்கு மட்டும்தான். இடம் மாறினால் ஒத்துப்போகாது. அதனால் ஒரு செருப்புப் பெட்டியில் எட்டு ஓட்டை போட்டு, நம்பர் எழுதி, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் செருகி வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை டிப்போவில் அரை ஷிப்ட். மத்தியானம் திரும்பி வந்தால், மேசை மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதன் மேல் எட்டு வால்வுகளும் பளபளவென்று, பெரியது நான்கு, சிறியது நான்கு, அளவெடுத்தது போன்ற இடைவெளியில் படுத்திருந்தன.

"ஒரே பிசுக்கு. வெந்நீர்ல போட்டு, பிரஷ்ஷால தேய்ச்சு, ஈரம் இல்லாம தொடச்சு வெச்சிருக்கேன்," என்றார் அண்ணி. "எட்டும் சரியா இருக்கு. எண்ணிட்டேன்."

"அந்தப் பெட்டி?"

"அந்த ஓட்டை அட்டையா? குப்பை வண்டி வந்துச்சு, போட்டுட்டேன்."

தையல் மெஷின் சத்தம் நின்றது. "அக்கா, அதுல நம்பர் எழுதியிருந்துச்சு..." என்று என் வீட்டுக்காரர் மென்று முழுங்கினார். நான் வாயைத் திறந்தால் ஏதாவது வந்துவிடும் என்று பின்பக்கம் போய், சுத்தமாக இருந்த கையை இன்னொரு முறை கழுவினேன். மூன்று நாள் உருட்டியதில் உள்ளங்கை இன்னும் காந்திக்கொண்டிருந்தது.

நான் திரும்பி வருவதற்குள் தம்பி எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அண்ணி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு பஞ்சுகூட இடம் மாறினது இல்ல," என்றார், தரையைப் பார்த்தபடி. பிறகு நிமிர்ந்து நேராக என்னையே கேட்டார். "இப்ப என்னம்மா பண்ணணும்?"

அந்த முகத்தைப் பார்த்த பிறகு கோபத்தைப் பிடித்து வைக்க என்னால் முடியவில்லை.

"ஒண்ணொண்ணா வெச்சுப் பாக்கணும் அண்ணி. ஓரத்துல நீல மை தடவி சீட்ல வெச்சு அழுத்தினா, அதோட ஜோடியா இருந்தா சுத்திலும் மை ஒட்டும். இல்லைன்னா நடுவுல விட்டுப்போகும்."

"அவ்வளவுதானே? வா."

முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். தம்பியிடம் கலர் கலராக நூல் வாங்கி ஒவ்வொரு வால்வின் தண்டிலும் ஒரு நிறம் கட்டினார். ஒரு தாளில் கட்டம் போட்டார். புது வால்வை, அதன் தேயாத தண்டைப் பார்த்ததுமே தனியாக எடுத்துவிட்டோம். மிச்சம் ஏழு. நான் மை தடவி வைப்பேன். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, டார்ச் அடித்துப் பார்ப்பார்.

"சிவப்பு, ரெண்டாவது சீட். மூணு மணிப் பக்கம் ஒட்டல. அடுத்தது."

கையை மட்டும் நீட்டுவேன். துடைக்கும் துணி உள்ளங்கையில் வந்து விழும். டாக்டர்களுக்குக்கூட இப்படி வாய்த்திருக்குமா என்று தோன்றியது.

"தியேட்டர்ல எனக்கு என்ன பேர் தெரியுமா?" என்றார் நடுவில். "எண்ணி அக்கா. கத்தரி, பஞ்சு, ஊசி எல்லாத்தையும் ரெண்டு தடவை எண்ணாம தையல் போட விடமாட்டேன்."

"அப்ப நான் உங்கள இனிமே அண்ணின்னு கூப்பிடறதா, எண்ணின்னு கூப்பிடறதா?"

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் மை விரல் கன்னத்தில் பட்டுவிட்டது. அதை நானும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரும் சொல்லவில்லை.

சாயங்கால டீக்குள் ஐந்துக்கு ஜோடி கிடைத்துவிட்டது. நான் உருட்டியது போதவில்லையோ என்னவோ, சிறியவற்றில் இரண்டு மட்டும் எங்கே வைத்தாலும் அரைகுறையாகவே ஒட்டின. மறுபடியும் பசை தடவி உரசுவதைத் தவிர வழியில்லை. ஒன்றை நான் எடுத்தேன். இன்னொரு குச்சியை அண்ணி எடுத்துக்கொண்டார்.

"அழுத்தாதீங்க அண்ணி. உருட்டினா போதும்."

"தெரியுது, தெரியுது. இத்தனை நேரம் உன்னைத்தானே பாத்துட்டிருக்கேன்."

இரண்டு பேரும் உருட்டினோம். கரகர சத்தம் மட்டும் இருந்தது. பிறகு அவர் நிறுத்திக் காதைச் சாய்த்தார். "சத்தம் மாறிடுச்சும்மா." தூக்கித் துடைத்தால், கம்பாஸ் வைத்துப் போட்டதுபோல ஒரு வளையம். சொன்னால் வெட்கம்தான், என்னுடையதைவிட அழகாக இருந்தது. சொல்லிவிட்டேன்.

பசை கொஞ்சமும் ஒட்டியிராமல் கழுவி, ஸ்பிரிங்குகளைப் பூட்டி, ஹெட்டின் துவாரங்களில் மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்தோம். அண்ணி கைக்கடிகாரத்தில் பத்து நிமிடம் பார்த்தார். எட்டு சீட்டிலும் ஒரு பொட்டுக்கூட ஈரம் எட்டிப் பார்க்கவில்லை. "கசிவு இல்ல," என்று அறிவித்தார், ஆபரேஷன் முடிந்து வெளியே வந்து சொந்தக்காரர்களிடம் சொல்கிற குரலில்.

வாரம் முழுக்க சாயங்காலங்களில் ஹெட்டை ஏற்றினேன். அடுத்த ஞாயிறு காலை சாவியைத் திருப்பியபோது எஞ்சின் இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டு, தையல் மெஷின் மாதிரி ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. அண்ணி கேட்காமலேயே முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பாதி உறை போட்ட பின்சீட்டு தம்பிக்கு.

தண்ணீர்த்தொட்டி மேட்டுக்கு வண்டியை விட்டேன். முன்பெல்லாம் பாதியில் முதல் கியருக்கு இறங்கி, பின்னால் வருகிறவர்களிடம் பேச்சு வாங்கிக்கொண்டு ஏறும் மேடு அது. இன்று மூன்றாவது கியரிலேயே முனகாமல் ஏறியது. ஒரு சைக்கிள்காரர் ஒதுங்கி நின்று பார்த்தார். அண்ணி அவருக்குக் கையசைத்தார்.

உச்சியில் நிறுத்தி இறங்கினோம். நல்ல காற்று. அண்ணி காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, குனிந்து, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் விழுந்த ஒரு கறுப்புச் சொட்டைக் காட்டினார்.

"இது எங்கேருந்தும்மா வருது?"

"அது கியர்பாக்ஸ் எண்ணெய் அண்ணி, அதைக் கசியாம பிடிச்சு வைக்கிற சீல் போயிருக்கு. அதுக்கு கியர்பாக்ஸையே கீழ இறக்கணும்."

"எத்தனை நாள் வேலை?"

"நாலு நாள் ஆகும்."

"டேய்," என்று தம்பியைக் கூப்பிட்டார். "வெள்ளையடிக்கிறவங்களுக்கு ஒரு போன் போடு. அவசரமில்லை, நிதானமா முடிக்கச் சொல்லு."