ஏழாவது கோது

நாங்கள் துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம். லண்டன் செவன் கிங்ஸில் பெற்று வளர்த்த என் மகள் தக்ஷிகாவோ ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்புக்குச் சுடப் போகிறாள். நான் பெற்றது அப்படி. லைசன்ஸ் கொடுக்க முன்னம் வீடு பார்க்க வந்த பொலிஸ்காரி துவக்கு வைக்கிற இரும்பு அலுமாரியைத் தட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு ஏதும் ஆட்சேபம் உண்டா என்று கேட்டாள். இல்லையென்று சிரித்துத் தேத்தண்ணி கொடுத்தேன். வேறென்ன சொல்ல?

போன சனிக்கிழமை மத்தியானம் குசினி மேசையில் பேப்பர் விரித்து, சுட்டு முடிந்த தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளை ஐஸ்கிறீம் டப்பாவிலிருந்து கொட்டினாள். மருந்தும் குண்டும் திரும்ப நிரப்ப முன்னம் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். அடுத்த நாள் போட்டி. நான் வெங்காயம் உரித்தபடி பாராத மாதிரி இருந்தேன். அவள் கோதைத் துடைப்பாள், வாய் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பாள், நல்லது என்று ஒதுக்குவாள். என்ன அவசரமோ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உள்ளுக்குக் கம்பி விட்டுப் பார்க்கேல்லையோ?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

"என்ன கம்பி?" என்றாள்.

மேசை லாச்சியை இழுத்து ஒரு பேப்பர் கிளிப்பை எடுத்து நிமிர்த்தி, நுனியைக் கொக்கியாக வளைத்தேன். கோதின் அடிவரை விட்டுச் சுவரோடு மேலே இழுத்தேன். சுவர் நல்லதென்றால் வழுக்கிக்கொண்டு வரும். உள்ளே தேய்ந்திருந்தால் கொக்கி தட்டுப்படும். ஏழாவது கோதில் தட்டுப்பட்டது. வெளியேயும் அதே இடத்தில் மெல்லிய மினுங்கல் கோடு.

குமுதினி வந்து கதவடியில் நின்றாள். பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை நான். ஆனாலும் இருபத்தாறு வருடமாக அவள் வருகிறாள். மீன் ரின்னின் தகர விளிம்பில் விரல் பட்டால் போதும், வந்துவிடுவாள். பதினெட்டு வயது, ஒரே கண்.

வன்னியில், இயக்கத்தில், பயிற்சிக் கோதுகளைத் திரும்ப நிரப்ப முன்னம் சோதிப்பது என் வேலை. சந்தேகமானதைப் பொறுப்பாளரிடம் காட்ட வேண்டும். அன்று தட்டு நிரம்ப ஒன்று குறைந்தது. ஏச்சுக்குப் பயந்து, கம்பி தட்டுப்பட்ட ஒன்றை எடுத்து நல்லதுகளோடு தட்டில் வைத்தேன். அடியில் ஒரு பிறைக்கீறல் இருந்த கோது அது.

"அது சரியோடி?" என்று பக்கத்திலிருந்த குமுதினி கேட்டாள்.

"இன்னும் ஒருக்காத் தாங்கும்," என்றேன்.

அடுத்த நாள் அது அவளுடைய துவக்குக்கே போனது. கோது அறுந்து நெருப்பு முகத்தில் அடித்தது. துவக்குப் பழசு என்றார்கள். கீழே கிடந்த துண்டில் பிறைக்கீறலைக் கண்டும் நான் வாய் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் அவள் செத்துப்போனாள்.

தக்ஷிகா ஏழாவது கோதை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இட்ஸ் ஃபைன் அம்மா. இன்னும் ஒருக்காத் தாங்கும்."

பறித்தெடுத்துக் குறட்டால் அதன் வாயை நெரித்தேன். இனி ஒருத்தரும் அதை நிரப்ப ஏலாது. அவள் பயந்துபோனாள்.

"அம்மா, இதெல்லாம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

என் புருசனுக்குக்கூடச் சொல்லாததைச் சொன்னேன். குமுதினி கேட்டுக்கொண்டு நிற்கவே சொன்னேன். "நான்தான் அவளைக் கொன்றனான்," என்று முடித்தேன்.

தக்ஷிகா நெரிந்த கோதை எடுத்துப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அதுக்குப் பிறகு ஆர் அந்த வேலையைப் பார்த்தது?"

"நான்தான். கைபழகினவள் எண்டு என்னையே திரும்ப இருத்திச்சினம்."

நல்லது என்று ஒதுக்கியிருந்த கோதுகள் அத்தனையையும் அவள் என் முன்னால் கொட்டினாள். நான் கம்பியை எடுத்தேன். அவளும் லாச்சியைத் திறந்து இன்னொரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தினாள். நான் பார்த்து வைத்த ஒவ்வொன்றையும் எடுத்து, தன் கம்பியை விட்டுத் திரும்பவும் பார்த்தாள்.

அவள் செய்தது சரி. ஆனாலும் எனக்கு நெஞ்சு நொந்தது.