மோடத்துக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை வந்துவிட்டால் சேலையூர் ஹேமாவதியின் கையைக் கட்டிப்போட முடியாது. மிக்ஸி, கிரைண்டர், ஸ்கூட்டி எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்துவிடுவாள். இந்த வருஷம் கூடத்துச் சுவரிலிருந்த மோடம் கண்ணில் பட்டது. மருமகள் சுஜி வேலை தேடுவதே அதை நம்பித்தான், அதற்கு மட்டும் என்ன ஓரவஞ்சனை? ஒயர்களைப் பிடுங்கி, முனைகளைச் சந்தனக் கையாலேயே துடைத்து, பொட்டு வைத்து, திரும்பச் சொருகினாள். பச்சை விளக்கு போய்ச் சிவப்பு எரிந்தது. நல்ல நாளில் சிவப்பும் மங்களம்தான் என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பதினொரு மணிக்கு சுஜிக்கு சிங்கப்பூர் கம்பெனி இன்டர்வியூ. ஆறு மாசத்தில் வந்த ஒரே அழைப்பு. நெட் இல்லை. போனோடு மொட்டை மாடிக்கு ஓடினாள். மூன்று முறை அறுந்தது, நாலாவது முறை அவர்கள் எடுக்கவில்லை. முகம் வெந்துபோய் இறங்கி வந்து, ஒயரைத் தொட்டீர்களா அத்தை என்று கேட்டாள்.

ஹேமாவதியின் பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டது. பொட்டு மட்டும்தான் வைத்தேன், முந்தாநாள் ஒயர் மாற்ற வந்த நெட் கம்பெனி டெனிஸ்தான் அரைகுறையாகச் சொருகியிருப்பான் என்றாள். சுஜி அப்போதே அவன் பேரில் புகார் கொடுத்தாள்.

மத்தியானம் டெனிஸ் வந்தான். மெல்லிய மஞ்சள் ஒயரைக் கழற்றி, முனையை ஈரக் காகிதத்தால் துடைத்தான். காகிதத்தில் சந்தனம். சுஜி உள்ளறையில் இருந்தாள். ஹேமாவதியை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"இதுக்குள்ள கம்பி இல்லம்மா, கண்ணாடி. தலமுடி சைசுதான் கீது. வெளிச்சம்தான் இது வழியா வருது. அத போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் புரியற மாதிரி மாத்திக் குடுக்கறதுதான் இந்தப் பொட்டி. முனையில துளி அழுக்கு இருந்தாலும் வெளிச்சம் உள்ள போவாது."

பச்சை எரிந்தது. நீயே சுஜியிடம் சொல்லியிருக்கலாமே என்று வாசலில் அவனிடம் முனகினாள்.

"நான் சொன்னா யாரும்மா நம்புவாங்க? இது மூணாவது கம்ப்ளெயின்ட். வேலய விட்டு அனுப்பிடுவாங்க."

அவள் கொடுத்த சுண்டலை இரண்டு கையாலும் வாங்கி, பிள்ளைகளுக்கு ஆச்சு என்று சொல்லிவிட்டுப் போனான். ஹேமாவதியால் சாமி படத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் போன் அடித்தது. இணைப்பு அவள் பேரில்தான். பதிவு செய்த குரல் கேட்டது: எங்கள் ஊழியர் செய்த தவறு சரிசெய்யப்பட்டதா? ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு.

அடப்பாவி, எதை அழுத்தினாலும் தப்பு அவன் தலையில்தானே விடியும். ஹேமாவதிக்குப் பொறுக்கவில்லை.

"அவன் ஒண்ணும் பண்ணல. நான்தான் பிடுங்கினேன். நான்தான் சந்தனக் கையால துடைச்சேன். சுஜிகிட்ட பொய் சொன்னேன்."

தவறான பதில் என்றது குரல்.

திரும்பினால் பின்னால் சுஜி நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. கண் கலங்கியிருந்தது. அத்தையின் கையிலிருந்து போனை வாங்கி ஒரு எண்ணை அழுத்தித் திரும்பக் கொடுத்தாள்.

"அது மெஷின் அத்தை. இது நெட்காரங்க ஆபீஸ். இப்ப சொன்னதை அப்படியே சொல்லுங்க."