பழுப்பு நுரை

விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து நேராக லாண்டரிக்கு வந்த முனீர் பாய், பின்பக்கத் தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தார். தொட்டி முழுக்கப் பழுப்பு நுரை. அடியிலிருந்து காற்று கொப்பளிக்கக் கொப்பளிக்க அது பொங்கி வந்து சுவரெல்லாம் அப்பியிருந்தது. பதினோரு மணிக்குத் தொட்டியைச் சோதிக்க மாவட்டத் தொழில் மையத்து மேடம் வருகிறார்கள். இந்தக் கண்றாவியையா அவர்களுக்குக் காட்டுவது?

வெள்ளை என்றால் பாய்க்கு உயிர். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் உள்ள ஏழு ரிசார்ட்டுகளின் படுக்கை விரிப்பும் துண்டும் இருபது வருஷமாக இவருடைய மெஷினில்தான் வெளுக்கின்றன. மசாஜ் எண்ணெய், மருதாணி, கடல் மணல், வெள்ளைக்காரர்கள் பூசிக்கொள்ளும் களிம்பு, இன்னும் வெளியே சொல்ல முடியாத எத்தனையோ கறைகள் வரும். எதுவும் பாயின் கண்ணுக்குத் தப்பியதில்லை. கடுகளவு மஞ்சள் தெரிந்தாலும் மறுபடி ஊறவைக்கச் சொல்வார். "நம்ம பாய்க்கு மட்டும் ஏணி எட்டுச்சின்னா, நிலாவையே இறக்கி ஊற வெச்சிருவாரு" என்று இஸ்திரி போடும் பெண்கள் அவர் காது படவே சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

அப்படி வெளுத்த தண்ணீரெல்லாம் எங்கே போயிற்று என்று அவர் யோசித்ததில்லை. பொய் சொல்வானேன், நிஜமாகவே யோசித்ததில்லை. கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழாய், குழாய்க்கு அப்பால் பக்கிங்ஹாம் கால்வாய். அங்கே இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் ஒருநாள் நுரை அள்ளிய பக்கெட்டோடு வாசலில் வந்து நின்றார்கள். பக்கெட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அப்புறம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. கழிவுநீரைச் சுத்தம் செய்து விடாவிட்டால் மூடு என்றது.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கத்தின் மானியத்தைப் பற்றிச் சொன்னார்கள். சின்னத் தொழில் நடத்துகிறவன் சுத்திகரிப்புத் தொட்டி கட்டினால் செலவில் கால் பங்கைத் திருப்பித் தருவார்கள். ஒரே நிபந்தனை, அதிகாரி வந்து பார்க்கும்போது அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பாய் வீட்டை அடகு வைத்துக் கட்டினார். அதிகாரியின் அறிக்கை நல்லபடி போனால்தான் வாரியமும் நோட்டீஸில் கொடுத்த கெடுவை நீட்டிக்கும். ஆக, மூடுவதும் மூடாததும், உள்ளே வேலை செய்யும் இருபத்திரண்டு பெண்களின் பிழைப்பும் இன்றைய ஒரு கையெழுத்தில் நின்றன.

தொட்டி கட்டிக்கொடுத்த கம்பெனியின் இன்ஜினியர் பார்த்திபன் முதல் நாளே விளக்கமாகச் சொல்லியிருந்தான். தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கும், அழுக்கைத் தின்பது அவைதான், அவற்றை வளர்க்க மாட்டுச்சாணம் கரைத்து ஊற்ற வேண்டும் என்று. பாயின் காதில் விழுந்ததே தவிர மனசில் ஏறவில்லை. சுத்தம் பண்ணுகிற தொட்டியில் போய்ச் சாணியா என்ற அருவருப்பிலேயே நின்றுவிட்டார். மனசில் ஏற்றிக்கொண்டது விஜயகுமாரிதான். பதினாலு வருஷம் இஸ்திரி போட்டவள், நாலு நாள் பயிற்சிக்குப் போய்வந்து தொட்டிக்குப் பொறுப்பாளி ஆனாள். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் ஊர். தன் வீட்டு மாட்டுச் சாணத்தையே புருஷனின் டி.வி.எஸ்.ஸில் பக்கெட் பக்கெட்டாகக் கொண்டுவந்து கரைத்தாள். தினம் வெல்லமும் யூரியாவும் போட்டாள். அந்த உயிர்களுக்குப் பூச்சி என்று பேர் வைத்து, "பூச்சிங்க துன்னுச்சா?" என்று விசாரித்துக்கொண்டே தொட்டியைச் சுற்றி வருவாள்.

இதெல்லாம் அந்தக் காலை நேரத்தில் பாய்க்கு நினைவு வந்திருந்தால் தேவலை. அவர் கண்ணில் நின்றது பழுப்பு மட்டும்தான். கறையைக் கண்டால் கை தானாக எங்கே போகுமோ அங்கே போயிற்று. ஸ்டோர் ரூமிலிருந்து இரண்டு கேன் பிளீச்சைத் தூக்கிவந்து தன் கையாலேயே தொட்டியில் கவிழ்த்தார். அரை மணியில் நுரை அடங்கிற்று. தண்ணீர் அரிசி களைந்தது போல வெளுத்து வந்தது. மனசு குளிர்ந்துபோய், குளித்து உடை மாற்ற வீட்டுக்குக் கிளம்பினார்.

பத்து மணிக்குத் திரும்பி வந்தபோது விஜயகுமாரி தொட்டியடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் அளவுக்கோடு போட்ட ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவை. அழுத முகம்.

"எல்லாம் செத்துப் பூட்ச்சு பாய்."

"இன்னாம்மா சொல்றே? தண்ணி நல்லாத்தானே கீது?"

"நல்லா இருக்கக் கூடாது பாய், பழுப்பா நுரைச்சாத்தான் பூச்சிங்க உயிரோட கீதுன்னு அர்த்தம். குடுவையில மொண்டு வெச்சா அரை மணியில அடியில சேறு கெட்டியா உக்காரணும். மேல தெளியணும். நேத்து முந்நூறு கோடு வரைக்கும் உக்காந்துச்சு. இன்னிக்குப் பாருங்க, சாம்பலு கணக்கா மெதந்துகினு கீது." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான்தான் பாய். ஆபீசர் வர்றாங்களே, பூச்சிங்க தெம்பா இருக்கட்டும்னு நேத்து சாய்ந்தரம் ரெண்டு பிடி யூரியா சேத்துப் போட்டேன். ஒத்துக்கல போல."

பாய் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பிளீச் வாடை அவளுக்கு எப்படித் தனியாகத் தெரியும்? பதினாலு வருஷமாக அதையேதானே சுவாசித்துக்கொண்டிருக்கிறாள்.

தொழில் மையத்து ரேணுகா மேடம் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள், பார்த்திபனும் கூட வந்திருந்தான். மேடத்துக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். காலில் கேன்வாஸ் ஷூ, கையில் ஃபைல். டீ வேண்டாம் என்றார்கள். ஏணியில் ஏறிப் பார்த்தார்கள், இறங்கினார்கள், குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்கள்.

"என்ன பார்த்திபன், சாம்பிள் எடுக்கறதுக்கே ஒண்ணும் இல்லியே. சேறு மொத்தமும் செத்திருக்கு. பிளீச் வாடை வேற அடிக்குது."

"லாண்டரி மேடம், எங்க நின்னாலும் அந்த வாடைதான்" என்றான் பார்த்திபன். சொல்லிவிட்டு, சுவரோரம் கிடந்த இரண்டு காலிக் கேன்களை ஒரு பார்வை பார்த்தான். மேடம் மோட்டார் பக்கம் போனதும் பாயின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"பாய், ஒண்ணும் கேக்காதீங்க, நான் சொல்றத மட்டும் கேளுங்க. ஆபரேட்டர் தப்புன்னு எழுத வெச்சிடலாம். அந்தம்மாவ எடுத்துட்டு டிப்ளமா படிச்ச ஆளப் போட்டுட்டோம்னு ஒரு லெட்டர். பத்தே நாள்ல மறுபடி வருவாங்க, முடிஞ்சுது. ஓனரே ஏதோ கலந்தாருன்னு தெரிஞ்சுதுன்னு வைங்க, ஏமாத்தப் பாத்தான்னு ஃபைல மூடிடுவாங்க. வாரியத்துக்கும் போயிடும்."

பாய் தலையை ஆட்டினார். ஆமாம், ஆட்டத்தான் செய்தார். அடகில் இருக்கிற வீடு, மனைவி லத்தீஃபா காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டு "துஆ செஞ்சிருக்கேன், தைரியமாப் போங்க" என்று அனுப்பியது, எல்லாம் சேர்ந்து அந்தத் தலையை ஆட்டவைத்தன. விஜயகுமாரியை மறுபடி இஸ்திரி மேஜைக்கே அனுப்பிவிடலாம், சம்பளத்தைக் குறைக்க வேண்டாம், பெருநாளைக்கு ஒரு புடவை கூட எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று அதற்குள் கணக்கெல்லாம் போட்டுவிட்டார்.

மேடம் திரும்பி வந்தார்கள். "ஆபரேட்டர் யாரு?"

"நான்தாங்க." சொருகிய புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு விஜயகுமாரி முன்னால் வந்தாள்.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது."

பேனா ஃபைலில் எதையோ குறித்தது.

"யூரியா ஜாஸ்தி போட்டுட்டேன் மேடம். நான் பண்ண தப்பு. பாய் மேல ஒண்ணும் எழுதிறாதீங்க. வூட்ட வெச்சிக் கட்டினாரு."

அவ்வளவுதான். தனக்காக ஒருத்தி, செய்யாத தப்பைத் தலையில் போட்டுக்கொண்டு கெஞ்சுகிறாள், தான் புடவை எடுத்துக் கொடுக்கக் கணக்குப் போடுகிறோம். சீ என்று போய்விட்டது பாய்க்கு.

"அவங்க இல்ல மேடம்" என்றார். குரல் கம்மிப்போய் அவருக்கே கேட்கவில்லை. செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "அவங்க ஒண்ணும் பண்ணல. காலையில ரெண்டு கேன் பிளீச் ஊத்தினது நான்."

பார்த்திபன் வானத்தைப் பார்த்தான்.

"எதுக்கு ஊத்தினீங்க?"

"அழுக்காத் தெரிஞ்சுது மேடம். நீங்க வர்றீங்களேன்னு..."

ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இஸ்திரிக்காரப் பெண்களில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தும் முடியாமல் அது இரண்டு மூன்று வாய்க்குத் தொற்றிற்று. மேடம் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பாயின் வெள்ளைச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க சொன்னத நான் எழுதித்தான் ஆகணும் பாய். மறைக்க முடியாது. இருபத்தோரு நாள் கழிச்சு ஒரு தடவை வந்து பாக்கறேன், அதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு. அன்னிக்குத் தொட்டி உயிரோட இருந்தா, இருக்குன்னு எழுதுவேன். அதுக்கு மேல மானியக் கமிட்டி என்ன சொல்லுமோ எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் கால்வாய்க் குழாயைத் திறக்காதீங்க." கிளம்பும்போது விஜயகுமாரியிடம் திரும்பினார்கள். "யூரியாவால இப்படி ஆகாதும்மா. நீங்க நல்லாத்தான் பாத்திருக்கீங்க."

அன்றிலிருந்து தண்ணீரைத் தொட்டி தாங்கும் அளவுக்குத்தான் மெஷின் ஓடிற்று. மூன்று ரிசார்ட்டுகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. விஜயகுமாரி இரண்டு நாள் பாயிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வருவாள், பம்பைப் போடுவாள், செத்த தண்ணீரை லாரியில் ஏற்றி அனுப்புவாள், போவாள். மூன்றாம் நாள் பாயே போய் அவளிடம் நின்றார்.

"சாணி வேணுமேம்மா."

"வேணுந்தான்" என்றாள், நிமிராமல். "இத்தினி நாளு நான் தூக்கியாந்தேன். இனிமே வேணும்னா நீங்களே வந்து வாரிக்குங்க." அப்புறம், அடங்காமல், "என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல? எத்தினி கேன் ஊத்தினீங்க, ரெண்டா? ஒரு மாசமா பாத்துப் பாத்து வளத்தேன் பாய்."

மறுநாள் காலை பாய் வண்டியில் இரண்டு பக்கெட்டை வைத்துக்கொண்டு அவள் ஊருக்குப் போனார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு மாட்டுக்குப் பின்னால் குனிந்தபோது மாடே ஒருமுறை திரும்பிப் பார்த்தது. விஜயகுமாரி கதவருகில் நின்று பார்த்தாள். வழித்து எடுக்கிற விதம் பிடிபடாமல் அவர் விரலால் கிள்ளிக் கிள்ளி எடுப்பதைச் சகிக்க முடியாமல், "தள்ளுங்க பாய்" என்று வந்து பக்கெட்டை வாங்கிக்கொண்டாள்.

அதன்பிறகு தினமும் ஒரு சடங்கு போல ஆயிற்று. நாஸ்தா நேரத்தில் இஸ்திரி மேஜை மேல் குடுவையை வைப்பார்கள். விரிப்புகளில் ஓட்டல் பேர் எழுதுகிற அழியாத மையால், அன்றன்று சேறு உட்கார்ந்த உயரத்துக்கு விஜயகுமாரி ஒரு கோடு போடுவாள். பெண்கள் தட்டோடு சுற்றி நின்று பார்ப்பார்கள். ஐந்தாம் நாள் ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் ஒரு நூல் அளவு. பதினாலாம் நாள் மழை பெய்து, காற்று மோட்டார் மூன்று மணி நேரம் நின்று, போட்ட கோட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. அன்று பாய் சாப்பிடவில்லை. இருபதாம் நாள் நூற்றெண்பதில் நின்றது.

"பத்துமா?" என்று கேட்டார்.

"தெரியல பாய். உயிரு கீது. அவ்ளோதான் சொல்ல முடியும்."

இருபத்தோராம் நாள். மேடம் வண்டி திருப்போரூர் தாண்டிவிட்டதாகப் பார்த்திபன் போன் செய்தான். பாய் ஏணியில் ஏறினார். தண்ணீர் மழைக்குப் பிந்தைய வயல் போல மணத்தது. கிழக்கு மூலையில், சுவரை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் பழுப்பு நுரை திரண்டிருந்தது. கடல் காற்று வந்து அதன் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. மறுபடி திரண்டது, மறுபடி காற்று பிய்த்தது.

கீழே கேட் திறக்கிற சத்தம் கேட்டது. விஜயகுமாரி குடுவையைக் கழுவி எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். பாய் இறங்கவில்லை. இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு தொட்டி விளிம்பில் வயிறு அழுந்தச் சாய்ந்து, அந்த நுரைக்குக் காற்று படாமல் இரண்டு கையையும் குவித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.