ஆறாம் எண் கதவு

"கையை எடுங்க அண்ணி! எதையும் தொடாதீங்க. ஸ்கிரீன்ல என்ன இருக்குன்னு மட்டும் படிங்க."

போனில் நாத்தனாரின் குரல் சீறியது. லிஃப்ட்களைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். லிஃப்ட் கம்பெனியின் மூன்றாவது மாடிப் படிக்கட்டில், மடியில் லேப்டாப்போடு அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரே, லிஃப்ட் கம்பெனியின் சொந்த லிஃப்டில் 'பழுது' என்று ஒரு பலகை தொங்கியது.

"கறுப்பா இருக்கு. அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லைன்னு ஒரு வரி. கீழே கோடு மின்னுது."

"மணி?"

"பத்து முப்பத்தெட்டு."

பதினொன்றுக்கு விசாரணை. போன மாதம் ஒரு புதுக் கட்டடத்தில் லிஃப்ட் அறுந்து விழுந்து, உள்ளே வேலை பார்த்த மெக்கானிக் இன்னும் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். அந்த லிஃப்டில் தொங்கிய பச்சை அட்டையில் இவள் முத்திரை. 'பாதுகாப்பானது' என்று சொன்னது நீதான் என்கிறது கம்பெனி. சொல்லவில்லை என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி இந்த லேப்டாப்.

அதில் இரண்டு சிஸ்டம். ஒரு பாதியில் ஆபீஸ் வேலை. மறு பாதியில் லினக்ஸ். பிரேக் சோதனைக் கருவி அதில்தான் இயங்கும். அளவுகளோடு சோதனை இடத்தில் நடந்த பேச்சையும் பதிவு செய்துவிடும். காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் பாதி கட்டாய அப்டேட் ஒன்றைப் போட்டுக்கொண்டது. எழுந்தபோது இரண்டு பாதியும் இல்லை.

"காப்பி எடுத்து வைக்கலையா?"

"மூலப்பதிவை விசாரணை அதிகாரி முன்னாடிதான் திறக்கணும். அதுவரைக்கும் நகல் எடுக்கக் கூடாது. கம்பெனி ரூல்."

"ரூல்ஸ் ராணி! ரயில் மேல வந்தாலும் பச்சை விளக்கு எரிஞ்சாதான் நகருவீங்க."

நாற்பது நாளாக இருவருக்கும் பேச்சு இல்லை. ஆனால் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருப்பவள் குடும்பத்தில் நாத்தனார் ஒருத்திதான். இன்று வெட்கத்தை விட்டு அழைத்ததும் அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். எல்லாம் முடிகிற வரைக்கும் போனைக் கட் பண்ணக் கூடாது.

படியில் காலணிச் சத்தம். மேலாளர் இறங்கி வந்தார், கையில் ஒரு காகிதம்.

"இன்னுமா இதோட மல்லுக்கட்டறே? சிஸ்டம் டிபார்ட்மென்ட்ல குடும்மா. அரை மணியில ஃபார்மேட் பண்ணித் தருவாங்க."

"ஃபார்மேட் பண்ணினா எல்லாம் அழிஞ்சிடும் சார்."

"அழிஞ்சா என்ன? இதுல ஒரு கையெழுத்துப் போடு. 'கவனக்குறைவு நேர்ந்தது.' ஒரே வரி. வேற கிளைக்கு மாத்திடறேன். வேலை போகாது."

"போட மாட்டேன்."

"யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுட்டேன் சார். போட மாட்டேன்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இருபது நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

போனில் ஒரு செருமல். "பரவாயில்லையே, உங்களுக்கும் முதுகெலும்பு இருக்கு. சரி, கேளுங்க. டிஸ்க்கை ஒரு வீடுன்னு நினைச்சுக்குங்க. அப்டேட் நடுவுல புதுசா ஒரு சின்ன ரூம் கட்டியிருக்கு. கதவு நம்பரெல்லாம் மாறிப்போச்சு. கிரப்னு ஒரு வாட்ச்மேன், அவன்தான் உங்களை உள்ள கூட்டிட்டுப் போறவன். பழைய நம்பர்ல நின்னு முழிச்சிட்டிருக்கான். ஒவ்வொரு கதவா தட்டுவோம்."

தட்டினார்கள். எல், எஸ் என்ற கட்டளை, அடைப்புக்குறிக்குள் கதவு எண். முதலாவது, தெரியாத ஃபைல் சிஸ்டம். இரண்டாவதும் அதே. மூன்று. நான்கு. ஐந்து...

"அஞ்சுலதானே எப்பவும் இருக்கும்!" இன்ஸ்பெக்டர் திரையை மறுபடி படித்தாள். "இல்லையே. போயிடுச்சு."

"ஒப்பாரியை அப்புறம் வைங்க. ஆறைத் தட்டுங்க."

ஆறு. என்டர்.

திரையில் கடகடவென்று ஃபோல்டர் பெயர்கள் கொட்டின.

"இருக்கு! எல்லாம் இருக்கு!"

"கத்தாதீங்க, காது போச்சு. இப்ப வாட்ச்மேனுக்குப் புது விலாசம் சொல்லணும். நான் சொல்றதை அப்படியே அடிங்க."

எழுத்து எழுத்தாகச் சொன்னாள். இவள் அடித்தாள். என்டர். கோப்பு இல்லை என்றது திரை.

"என்ன நம்பர் போட்டீங்க?"

இன்ஸ்பெக்டர் பார்த்தாள். பழக்க தோஷம், விரல் ஐந்தைத் தட்டியிருந்தது. அழித்து ஆறு போட்டாள். மறுபடி என்டர். கறுப்பு விலகி மெனு எழுந்தது. பின்னாலேயே லினக்ஸின் நீலத் திரை.

பத்து ஐம்பத்து மூன்று.

"நிறுத்தாதீங்க. இது தற்காலிகம்தான். ஆஃப் பண்ணினா மறுபடி பழைய கதைதான். கிரப்பைப் புதுசா எழுதிடுங்க, அப்புறம் எவன் பிடுங்கிப் போட்டாலும் எழுந்து நிக்கும்."

எழுதினாள். பிழை இல்லை என்றது. எழுந்து நடந்தாள்.

அறையில் விசாரணை அதிகாரி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த ஒல்லியான பெண்மணி. பக்கத்தில் மேலாளர். இன்ஸ்பெக்டர் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

"மேடம், இந்த மிஷின் காலையில ரிப்பேராச்சு" என்றார் மேலாளர். "இதுல வர்ற எதையும் நம்ப முடியாது." சொல்லிக்கொண்டே கையை நீட்டி லேப்டாப்பின் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தார். திரை அணைந்தது.

இன்ஸ்பெக்டர் அவரை நேராகப் பார்த்தபடி அதே பட்டனை அழுத்தினாள். பத்து எண்ணுவதற்குள் மெனு வந்தது. நீலத் திரை வந்தது.

"பதிவு நேரம், கருவி எண் எல்லாம் உள்ளேயே இருக்கு மேடம். சரிபார்த்துக்குங்க. போடட்டுமா?"

"போடுங்க" என்றார் அதிகாரி. மேலாளர் பக்கம் திரும்பி, "நீங்க கையை மடியில வைங்க" என்றார்.

இரைச்சல். பிறகு இன்ஸ்பெக்டரின் குரல்: "பிரேக் பிடிக்கலை. பச்சை அட்டை தர மாட்டேன்."

மேலாளரின் குரல்: "நாளைக்குத் திறப்பு விழா. முத்திரை ஆபீஸ்லதானே இருக்கு, நான் குத்திக்கறேன். நீ கிளம்பும்மா."

அவள் கோபமாக வெளியேறும் காலடி. கருவியை அணைக்க மறந்து அங்கேயே விட்டுப்போன காலடி. அப்புறம் ஓர் ஆணின் தயங்கிய குரல்: "சார், இன்ஸ்பெக்டர் வேண்டாங்கறாங்களே... காலையில நான் உள்ள ஏறலாமா?"

"தாராளமா ஏறுய்யா. ஒண்ணும் ஆகாது."

பதிவு நின்றது. போனிலிருந்து மூச்சிழுக்கும் சத்தம்.

"யாரது லைன்ல?" அதிகாரி கேட்டார்.

"ரிப்பேர் கடைப் பொண்ணாம் மேடம். வெளியாள். கட் பண்ணச் சொல்லுங்க" என்றார் மேலாளர்.

"கட் பண்ணாதீங்க அண்ணி." நாத்தனாரின் குரல் தாழவில்லை. "சார், ஆஸ்பத்திரி வாசல்ல என்கிட்ட ஒண்ணு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? 'உங்க அண்ணி போட்ட முத்திரைதான்மா உங்க வீட்டுக்காரரை விழ வச்சுது'ன்னு? நாற்பது நாளா அதை நம்பி இவங்க முகத்துல முழிக்கலை நான். கடைசியா ஒரு குரல் கேட்டதே, உள்ள ஏறலாமான்னு... அது என் வீட்டுக்காரர்."