சின்ன முள்ளா, பெரிய முள்ளா

காலில் கட்டிக்கொண்டு மரம் ஏறும் இரும்பு முள் வாங்கக் கம்பத்துக்குப் போனபோது, கடைக்காரர் மொக்கைச்சாமி நேராக என் வீட்டுக்காரர் காலைத்தான் அளந்தார். ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டினாலே கண்ணை இருட்டிக்கொண்டு வருகிற ஆள் அவர். பெயர் மட்டும் காவல் சாமி பெயர், ஒச்சாண்டி. எட்டு வருஷமாகத் தென்னை ஏறுவது நான். அவர் கீழே நின்று கயிறு பிடிப்பார், காய் பொறுக்குவார்.

தப்பு அவர் மேல்தான். கடைக்குப் பின்னால் ஒரு தைலமரம் கூரைப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதைத் துண்டு துண்டாக வெட்டி இறக்க மொக்கைச்சாமி ஆள் தேடினார். போனில் பேசிய என் வீட்டுக்காரர், யார் ஏறுவது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். பொம்பளை என்றால் வேலை தர மாட்டார்களாம். எனக்கோ அந்த மரத்தின் மேல் அப்படி ஓர் ஆசை. தென்னையே ஏறி ஏறிச் சலித்துப்போயிருந்தது.

மொக்கைச்சாமி இரண்டு ஜோடி எடுத்து வைத்தார். பெரிய முள் புளியமரம் மாதிரி தடித்த பட்டைக்கு, சின்னது மெல்லிய பட்டைக்கு. வெட்டப்போகிற மரத்தில் மட்டும்தான் ஏறணும், மற்ற மரம் புண்ணாகிவிடும் என்றார். ஒச்சாண்டி பெரிய முள்ளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, இதுவே போதும் என்றார். என்ன ஒரு கம்பீரம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தைலமரத்துல பட்டையே பேப்பர் கணக்கா உரியுது. அதுக்கு எதுக்கு இம்புட்டுப் பெருசு? சின்னதைக் குடுங்கண்ணே. எனக்கு."

மொக்கைச்சாமி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். சரி, அந்த மரத்திலேயே ஏறிக் காட்டு என்றார்.

வாரை இறுக்கி, இடுப்பு பெல்ட்டை மரத்தைச் சுற்றி மாட்டி ஏறினேன். ஆறடிதான். பழக்கதோஷத்தில் மரத்தைக் கட்டிப்பிடித்தேன். தென்னையில் அப்படித்தான் உயிர் தங்கும். இங்கேயோ முழங்கால் மரத்தோடு ஒட்டியதும் முள் கழன்று, சர்ரென்று தரைக்கு வந்துவிட்டேன். சட்டையில் இரண்டு பொத்தான் போச்சு.

மொக்கைச்சாமி சிரித்தார். இது பொம்பளைப் பிள்ளைக்கு ஆகாது, தம்பி ஏறட்டும் என்றார்.

ஒச்சாண்டிக்கு வியர்த்துவிட்டது. ஆனாலும் சொன்னார்.

"அண்ணே, எனக்கு ஏணியில ஏறுனாலே தலை சுத்தும். ஏறுறது அவதான். நான் கீழ கயிறு புடிக்கிறவன். அவளால முடியும்."

கடை என்றும் பாராமல் அந்த மனுஷனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

முள்ளின் சாய்வை உற்றுப் பார்த்தேன். விஷயம் புரிந்தது. மறுபடி ஏறினேன், இந்தத் தடவை மரத்தை அணைக்காமல், முழங்காலை விலக்கி, பெல்ட்டில் பின்னால் சாய்ந்து. டக், டக் என்று முள் இறங்கியது. கூரை கீழே போனது. திராட்சைப் பந்தல்கள் கீழே போயின. ஓரிடத்தில் நின்று இரண்டு கையையும் விட்டேன்.

எட்டு வருஷத்தில் மரத்து மேல் என் இரண்டு கையும் சும்மா இருந்ததே இல்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை. குமுளி போகிற ஜீப்புக்குக் கை காட்டினேன். கொண்டையை அவிழ்த்துத் திரும்பப் போட்டேன். சிரிப்பு அடங்கவே இல்லை.

"போதும் ஆத்தா, எறங்கு. வேலை உனக்குத்தான். நாளைக்கு வந்து ஆரம்பி," என்றார் மொக்கைச்சாமி.

"நாளைக்கு எதுக்குண்ணே? அவர்கிட்ட அருவாளைக் கயித்துல கட்டி மேல அனுப்பச் சொல்லுங்க."