முதுகு மூடும் மாதம்

என் மாமியாருக்கு ரகசியம் தங்காது. பிறருடையது மட்டுமல்ல, தன்னுடையதும்தான். அன்று காலை பரிசோதனைக் குச்சியில் இரண்டு கோடு விழுந்ததைப் பார்த்துவிட்டு, "அத்தை, நாள் தள்ளிப் போயிருக்கு" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை. அவர் கரண்டியை அப்படியே போட்டுவிட்டுக் கைதட்டினார்.

"எல்லாம் நான் பாத்த வேலை! இத்தனை நாளா வாயைக் கட்டி வெச்சிருந்தேன். ஒளிச்சு ஒளிச்சு முழுங்கினியே கருத்தடை மாத்திரை, அதைக் குப்பையில கொட்டிட்டேன். என் கால் மரமரப்புக்குக் கொடுத்த மஞ்சள் மாத்திரையை அந்த டப்பாவுல போட்டு வெச்சேன். பாத்தியா பலனை?"

டப்பாவைக் கையில் கொட்டிப் பார்த்தேன்: என்னுடையதைப் போலவே மஞ்சள், அதனால்தான் மாற்றியது தெரியவில்லை.

அவர் குப்பையில் கொட்டியது கருத்தடை மாத்திரை இல்லை, ஃபோலிக் ஆசிட். எங்கள் முதல் பெண் முதுகெலும்பு மூடாமல் பிறந்து, ஒரு பகல் மட்டும் இருந்துவிட்டுப் போனாள். அடுத்ததற்கு அப்படி நேராமலிருக்க, உண்டாவதற்குச் சில மாதம் முன்பே இதைத் தொடங்கச் சொல்லி டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "முதுகு முதல் மாசத்துலயே மூடிடும். உனக்கு விஷயம் தெரியறதுக்குள்ள பாதி வேலை முடிஞ்சிருக்கும்" என்றார்.

இதை ஏன் மாமியாரிடம் சொல்லவில்லை? அந்தக் குழந்தையைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லார் வாய்க்கும் பூட்டு. அட்டையைப் பார்த்து யாராவது கேட்டுவிடப் போகிறார்களே என்று, மாத்திரைகளைப் பிரித்துப் பழைய டப்பா ஒன்றில் கொட்டி வைத்திருந்தேன். கேட்டிருந்தால் தேவலை.

"எப்ப மாத்துனீங்க?"

"போன மாசம் விலக்காகி வயித்து வலின்னு படுத்திருந்தியே, அப்ப."

அந்த மாத்திரை எதற்காக என்பதைக் கத்தியே சொன்னேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். அவர் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

என் கணவர் சரக்கு வேன் ஓட்டுகிறவர். அந்த வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். "அம்மாவை ரொம்பத் திட்டாத" என்றார் வழியில்.

"திட்டாம? மாலை போடவா?"

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "இப்பவே ஆரம்பி, நாளைக்குன்னு வைக்காத. முன்னாடி போட்டதும் ஒரேயடியா வீணாப் போயிடாது. ஆனா எவ்வளவு காப்பாத்தும்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஸ்கேன்ல பாப்போம்." மருந்துக்கடை வாசலிலேயே, தண்ணீர்கூட இல்லாமல் ஒன்றை விழுங்கினேன். தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்கியது.

பிறகு மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நடந்த மாதங்கள். நான் பை தைக்கும் பட்டறையில் ஜிப் வைக்கிறவள். வைத்த ஜிப்பை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கூடையில் போட வேண்டும். நானோ இழுத்து மூடி, திறந்து, மறுபடி மூடி, எங்காவது பல் பிடிக்காமல் நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். எதற்கெடுத்தாலும் பெருமூச்சு விடுவதால் 'காத்தாடி' என்று நாங்கள் பெயர் வைத்திருந்த மேஸ்திரி, என் தலைக்கு மேல் ஒரு பெருமூச்சு விட்டார். "அது பைம்மா. ஒரு தடவை மூடினா மூடினதுதான்."

வீட்டில் மாமியார் தினமும் அட்டையோடு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து வைப்பார், முகத்தைப் பார்க்காமல். நான் அட்டையைத் திருப்பி, அதிலுள்ள பெயரை உரக்கப் படித்துவிட்டுத்தான் விழுங்குவேன். உறைக்கட்டும் என்றுதான். கோபம் அவ்வளவு இருந்தது. பயம் அதைவிட.

ஒருநாள் படித்து முடித்த பிறகும் அவர் நகரவில்லை.

"அவளைக் கடைசியாக் குளிப்பாட்டினது நான்தான். உன்னைப் பாக்க விடலையே யாரும்" என்றார். "கழுத்துலேர்ந்து தடவிக்கிட்டே வந்தேன். இடுப்புகிட்ட விரல் நின்னுடுச்சு. இன்னும் அங்கயேதான் நிக்குது. இன்னொண்ணு வந்தாலாவது போகும்னு நெனச்சேன். நீ என்னடான்னா மாத்திரை முழுங்கறே…"

மறுநாள் நான் அட்டையை உரக்கப் படிக்கவில்லை.

ஸ்கேன் அறையில் டாக்டரம்மா ஒரே இடத்தில் கருவியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். எனக்கானால் எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. கடைசியில் திரையை என் பக்கம் திருப்பினார். வெள்ளையாக, மணி கோத்தது போல ஒரு வரிசை. "முதுகு நல்லா மூடியிருக்கு" என்றார். என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

வெளியே நாற்காலிகள் காலியாகக் கிடக்க, மாமியார் நின்றுகொண்டிருந்தார். ஓயாமல் பேசும் வாய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பினேன். கழுத்தடியில் விரலை வைத்து முதுகெலும்பு வழியே மெதுவாக இறக்கினேன். இடுப்பருகில் வரும்போது அவர் உடம்பு விறைத்தது. நான் நிறுத்தாமல் கீழ்வரை கொண்டுபோனேன்.

"எங்கயும் நிக்கல, அத்தை" என்றேன்.